மாதவிலக்குத் தடையும் சீன வைத்தியமும்

ஆடவன் ஒருவன் எழுதத்தக்க பொருளா இது என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். என் மனைவியிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். "எழுதுங்கள், ஆனால் உங்களைப் பற்றியதையும் மறைக்காமல் எழுதுங்கள்" என்றாள் அவள். அது யாதென்பது பின்னர் விளங்கும்.

எங்களுக்கு மணமாகி ஆறாண்டுகள் ஆகின்றன. மூன்றாண்டுகளுக்கு முன் அவளுக்கு மாதவிலக்கு நின்றது. முதல் மாதம் வீட்டில் ஒரே குதூகலம். வேலூரிலிருந்து என் தாயார் அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கிவிட்டார். கரு இல்லையென்று சோதனையில் தெரிந்ததும் குதூகலம் போய்க் குறைகூறல் தொடங்கிற்று. எள்ளுருண்டை, மலைவேம்புச் சாறு, கருஞ்சீரகம் என்று மாதங்கள் ஐந்து கழிந்தன. பலன் இல்லை.

அவ்வமயம், சீன முறையில் ஊசி குத்தும் வைத்தியர் ஒருவரைப் பற்றி அலுவலக நண்பர் சொன்னார். சென்றோம். அவர் நாடி பார்த்தார், நாவை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "இரத்தம் வறண்டிருக்கிறது" என்றார். இரத்தம் வறண்டு விலக்கு வராமை, வழி அடைபட்டு வராமை என்று சீன நூல்கள் இதனை இருவகையாகப் பிரிக்கின்றன. முன்னதற்கு ஊட்டம் தருவர். பின்னதற்கு அடைப்பை நீக்குவர். 'தாங் குவெய்' என்னும் வேர் இவற்றில் பெரிதும் பயன்படுவது. நம் வைத்தியர்கள் சூதகத் தடை என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது அந்நியமாகவே தோன்றவில்லை.

வாரம் இருமுறையாகப் பத்து வாரங்கள் சென்றோம். அவ்வைத்தியர் அரைமணி நேரம் அமர்ந்து அவள் சொல்வதைக் கேட்பார். அவள் நன்கு உறங்கினாள், அழுவதும் குறைந்தது. இதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் விலக்கு வரவில்லை.

பிறகுதான் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். சினைப்பையில் நீர்க்கட்டிகள் தோன்றி விலக்கு ஒழுங்கு தவறும் நோயுடைய 1,000 பெண்களைக் கொண்டு, சீன நாட்டிலேயே 27 மருத்துவமனைகளில் அது நடைபெற்றது. 2017-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. முறைப்படி ஊசி குத்தப்பெற்றவர்களில் நூற்றுக்கு 21.8 பேரும், பெயரளவுக்குக் குத்தப்பெற்றவர்களில் 22.4 பேரும் குழந்தை பெற்றனர். குளோமிபீன் மாத்திரை உண்டவர்களில் 28.7 பேர், உண்ணாதவர்களில் 15.4 பேர். வேறுபாடு மாத்திரையால் வந்ததேயன்றி ஊசியால் வரவில்லை. சீனர்களே தங்கள் ஊசியைச் சோதித்து, பலனில்லை என்று கண்டதை மறைக்காமல் வெளியிட்டனர். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஊசியாவது தீங்கு செய்யவில்லை. உடன் தந்த பொடிதான் எனக்கு அச்சம் தந்தது. பொட்டலத்தில் பெயரும் இல்லை, சரக்கின் விவரமும் இல்லை. பார்சல் ஆபீசில் விவரம் எழுதாத மூட்டையை ஏற்க மறுக்கும் நான், மனைவியின் வயிற்றுக்குள் அதனை அனுமதித்தேன்! பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய வேண்டிச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதுபட்ட செய்தி 1993-இல் வெளியாயிற்று. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம். 'மகப்பேற்றுக்கு மிக நல்லது' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருளாம்! சீனர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சூதகத்தை வருவிக்க நம் நாட்டார் பயன்படுத்திவந்த ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனத்தவை. மகப்பேற்றின் பொருட்டு இந்தியாவில் செய்த ஆயுர்வேத மருந்துகளை உண்டு, ஈய நஞ்சுக்கு ஆளான ஆறு கர்ப்பிணிகளைப் பற்றி 2012-இல் நியூயார்க்கிலிருந்து அறிக்கை வந்தது.

முடிவில் ஒரு பெண் மருத்துவரிடம் சென்றோம். ஒழுங்காக வந்த விலக்கு மூன்று மாதம் நின்றாலே சோதிக்க வேண்டுமென்றார் அவர். கரு, தைராய்டுக் குறை, புரோலாக்டின் மிகை, சினைப்பைக் கட்டி, கடும் மெலிவு, மனக்கவலை, அகால விலக்கு முடிவு என்று காரணங்கள் பல. கருப்பையைத் தாக்கும் காசநோயும் நம் நாட்டில் உண்டு. அவற்றை ஊசியால் அறிய இயலுமா? இரத்தச் சோதனையில் அவளுக்குத் தைராய்டு சுரப்பு குறைவென்று தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் சிறு மாத்திரை ஒன்று. மூன்றாம் மாதம் விலக்கு வந்தது.

அன்று மருத்துவர், "கணவரைச் சோதித்தாயிற்றா?" என்று கேட்டார். நான் தலையசைத்துவிட்டு வந்தேன். அதன்பின் எட்டு மாதங்கள் இரவுப் பணி என்றும், பதவி உயர்வுத் தேர்வு என்றும் சாக்குச் சொன்னேன். ஒரு நாள் அவள், "பத்து வாரம் ஊசி குத்திக்கொண்டவள் நான். ஒரு சோதனைக்கு அஞ்சுகிறவர் நீங்களா?" என்றாள். மறுநாளே சென்றேன். குறை என்னிடமும் இருந்தது. உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவு. குழந்தையில்லாத் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் உண்டென்று மருத்துவர் சொன்னார். ஓராண்டு கூடிவாழ்ந்தும் கரு தரிக்காவிடில் இருவரும் சோதித்துக்கொள்ள வேண்டுமாம். நாங்கள் இழந்த காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

மொழி தெரியாது என்று தயங்கும் நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். 1935 முதல் பெண்களுக்கென்றே நடந்துவரும் வாணி விலாஸ் மருத்துவமனை இந்நகரில் இருக்கிறது. நாட்டு வைத்தியமே வேண்டுமென்போர் பட்டம் பெற்றவரிடம் செல்க. மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குக. உண்ணும் பிற மாத்திரைகளையும் அவரிடம் சொல்லுக.

எனக்குச் சிகிச்சை நடந்துவருகிறது. செய்தியைத் தாயாரிடம் தொலைபேசியில் நானே சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அவளிடம் போனைக் கொடு" என்றார். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.