ஆமாம், குப்பைதான்! ஆனால் எந்தக் குப்பை?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் இன்னும் மாறவில்லை என்று சிரித்துக்கொண்டே படியுங்கள். ஆனால் முழுதாகப் படியுங்கள்.

போன வாரம் என் தம்பி மகன் போன் செய்தான். அழகர்மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு இப்போது அவன் பொறுப்பில் இருக்கிறது. "அத்தை, மாசி பிறந்தா போதும், வாசல் பூரா ஒரே குப்பை. வேப்பமரத்தை எடுத்துட்டு பேவர் பிளாக் போடலாம்னு இருக்கேன்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்த வீட்டு மரம். பட்டாவில் என் பெயர் கிடையாது. ஆனால் அந்த மரத்தடியில்தான் நான் நடக்கப் பழகினேன்.

அவன் ஒருவனை மட்டும் நான் குறை சொல்லவில்லை. மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். புது வீடு கட்டினால் முதலில் மரம் போகிறது, அடுத்து மண் போகிறது. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: குப்பை.

அந்த வார்த்தையைத்தான் இன்று பாடமாக எடுக்கப் போகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அப்பத்தா விடியும் முன்பே சீமாறோடு வாசலில் நிற்பார். மாசி மாதம் முழுக்க வேம்பு மஞ்சள் மஞ்சளாகக் கொட்டும். கொல்லையில் புங்கமும் கொட்டும். கூட்டி, சாணம் தெளித்து, கோலம் போட்டு நிமிர்ந்தால் அதன் மேலேயே நாலு இலை விழுந்திருக்கும். அப்பத்தா அதை எடுக்க மாட்டார். "அதுவும் ஒரு புள்ளிதான்டி" என்பார். கூட்டியதைக் கூடையில் அள்ளி எருக்குழியில் கொட்டுவது பிள்ளைகளான எங்கள் வேலை. அதன் மேல் மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், மாடு கழித்துப்போட்ட வைக்கோல் எல்லாம் விழும்.

கோடையில் அய்யா வண்டி கட்டுவார். "வயலுக்குக் குப்பை அடிக்கணும்" என்பார். கவனியுங்கள் பிள்ளைகளே, குப்பை! எங்கள் ஊரில் குப்பை என்றால் உரம். எருக்குழி பெரிதாக இருக்கும் வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். வயலுக்குப் போவது குப்பை, அது விளைச்சலாகத் திரும்பி வரும். இப்போது நாம் குப்பை என்று சொல்வது நெகிழிப் பையையும் ஷாம்பு பாக்கெட்டையும். அந்தப் பெயரை இலைக்கும் வைத்துவிட்டோம். பெயரை மாற்றிய பிறகு கோடரியை எடுப்பது சுலபமாகிவிட்டது.

இதில் என் பங்கும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கிலப் பாடத்துக்காக நான்கு பருவங்களைச் சார்ட்டில் வரைந்து மாட்டினேன். இலையுதிர் காலம் என்று போட்டு, சிவப்பு இலை வரைந்து, செப்டம்பர், அக்டோபர் என்று எழுதினேன். நம் ஊரில் அக்டோபர் என்றால் ஐப்பசி. மழையில் மரமெல்லாம் பச்சையாக நிற்கும் மாதம்! ஒரு பிள்ளைகூட "டீச்சர், நம்ம வேம்பு மாசியிலதானே கொட்டுது" என்று கேட்கவில்லை. கேட்கும்படி நான் வளர்க்கவில்லை. தொல்காப்பியம் சொல்லும் ஆறு பொழுதுகளில் மாசியும் பங்குனியும் பின்பனி. இலையுதிர் காலம் என்று தனியாக ஒரு பொழுதே அதில் இல்லை. நம் வேம்பு உதிர்ந்த கையோடு துளிர்த்துவிடும். கோடை நெருங்கி மண்ணில் ஈரம் குறையும்போது பழைய இலையைக் கழித்துவிட்டு, பங்குனியில் செந்தளிர் விட்டு, சித்திரையில் பூத்து நிற்கும். கீழே பழைய சேலையை விரித்து அந்தப் பூவைச் சேர்த்துத்தான் வருசப் பிறப்புக்குப் பச்சடி வைப்போம். ஆடிக்குள் வேப்பமுத்து பொறுக்கிக் கடையில் போட்டு மிட்டாய் வாங்குவோம்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் உங்களைக் கொண்டு பள்ளி மைதானத்து இலையை எல்லாம் கூட்டச் சொல்லி, குவித்து, தீ வைத்தேன். பல வருடம் செய்தேன். அந்தப் புகையில் இருமியவர்களில் சிலர் இன்று இதைப் படிப்பீர்கள். மன்னித்துவிடுங்கள். மரத்துக்குச் சேர வேண்டியதை எரித்தேன், உங்கள் நெஞ்சுக்குள்ளும் புகையைச் செலுத்தினேன். 2016ஆம் ஆண்டு வந்த திடக்கழிவு விதிகள் தெருவிலும் பொது இடத்திலும் குப்பை எரிக்கக் கூடாது என்று கூறின. தோட்டக் கழிவைத் தனியாக வைக்க வேண்டும் என்றும் கூறின. சட்டம் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பேவர் பிளாக்குக்கு வருவோம். ஒரு கணக்கு போடுங்கள். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். மூன்று சென்ட் வாசலில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 12,000 லிட்டர். ஒரு லாரித் தண்ணீர்! மண் வாசல் அதில் முடிந்த அளவு குடிக்கும். கல் பாவினால் இடுக்கில் கொஞ்சம் இறங்கும், மீதி தெருவுக்கு ஓடும். ஐப்பசியில் தெருவுக்கு விரட்டிய தண்ணீரைச் சித்திரையில் காசு கொடுத்து வாங்குகிறோம். நிழலையும் வெட்டிவிட்டு, அந்தக் கல்லில் மத்தியானம் கால் வைக்க முடியவில்லை என்று ஏசியும் வாங்குகிறோம்.

உங்கள் மறுப்பும் எனக்குத் தெரியும். "பூச்சி, பாம்பு வரும் டீச்சர்." நியாயம். வீட்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், தள்ளிக் குழி வெட்டுங்கள். "கொசு வரும்." டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில், காய்ந்த இலையில் அல்ல. "வேர் சுவரைப் பிளக்கும்." சுவரை ஒட்டி நட்டது நம் தவறு. ஆபத்து உண்மையாக இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டி முடிவெடுங்கள். கிளையைக் கழித்தால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

"யார் கூட்டுவது அத்தை?" என்று எங்கள் வீட்டு மருமகள் கேட்டாள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தலைகுனிகிறேன். அப்பத்தா முதுகு வளைந்தது அந்தச் சீமாறால்தான். அழகான நினைவு என்று நாம் எழுதுவதன் பின்னால் ஒரு பெண்ணின் இடுப்பு வலி இருக்கிறது. அதற்குத் தீர்வு மரத்தை வெட்டுவதா? வீட்டு ஆம்பளைகள் கையில் சீமாறைக் கொடுப்பதுதான் தீர்வு. தினமும் முழு வாசலையும் கூட்ட வேண்டியதும் இல்லை. நடக்கும் பாதையை மட்டும் கூட்டி, மற்றதை மரத்தடிக்கே தள்ளிவிடுங்கள். மரம் சாப்பிட்டுக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். டங்ஸ்டன் சுரங்கம் என்றதும் மேலூர்ப் பக்கத்து ஜனம் மொத்தமும் ரோட்டுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. மலைக்காக நின்ற ஜனம்தான் வாசல் மரத்தை வெட்டவும் ஆள் கூப்பிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்கு வந்து, சாமி கும்பிட்டு, மர நிழலாகப் பார்த்து ஜமுக்காளம் விரித்துக் கட்டுச்சோறு சாப்பிடுகிறோம். அங்கே உதிர்ந்து கிடக்கும் இலையை யாரும் குப்பை என்பதில்லை. நம் வாசலில் விழுந்தால் மட்டும் எப்படிக் குப்பையாகிறது?

எருக்குழிக்கு மாடு இல்லையே என்பவர்களுக்கு: மூன்றடி ஆழத்தில் ஒரு குழி, ஓர் அடுக்கு இலை, ஓர் அடுக்கு மண், கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர். ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள். ஆறு மாதம் பொறுத்தால் கறுப்பாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். மாடித் தோட்டத்துக்குக் காசு கொடுத்து மூட்டை உரம் வாங்குகிறீர்களே, அதே சரக்குதான்.

தம்பி மகனே, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பங்குனி முடியும் வரை அந்த மரத்தைத் தொடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். குழி வெட்டுவது நீ, கூட்டுவது நான். செந்தளிர் விட்ட பிறகு அந்த மரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். அதற்குப் பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நான் வாய் திறக்க மாட்டேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வாசலில் இன்னும் மண்ணும் மரமும் இருந்தால் ஒரு போட்டோ போடுங்கள். கூட்டாமலேயே எடுங்கள்.