எட்டாத இடத்தில் ஒரு பொல்ட்



வவுனியாவுக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. கணவர் விட்டுப்போன மொரிஸ் மைனர் கார் ஒன்று அவரிடம் உண்டு. இடம்பெயர்ந்த காலத்தில் உறவினர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் நின்றதால் தப்பிய கார். அதை ஹயருக்கு ஓட்டித்தான் இரண்டு பிள்ளைகளையும் படிப்பிக்கிறார். இப்போது கிளச் தேய்ந்து, எஞ்சின் இரைகிறதே தவிர கார் நகர்வதில்லையாம். கொண்டுபோன கராஜில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "மேல் பொல்ட் கழராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதைவிட இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னார்களாம். "கொடுத்துவிடவா அக்கா?" என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம் தங்கச்சி. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி விட்டார்கள். இன்றைய விலைக்கு நம்மைப் போன்றவர்கள் இன்னொரு கார் வாங்குவது நடக்கிற காரியமல்ல. ஒரு பொல்ட்டுக்காகப் பிழைப்பை இரும்புக் கடையில் போடுவதா?

நானும் 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது அதே வீதியால் வந்து மாத்தளையில் தங்கியவள்தான். றத்தோட்டைக்குப் போகும் பாதையில் இருந்த ஒரு கராஜில் கணக்கு எழுதப் போய், பிறகு வேலையும் பழகினேன். அங்கே இருந்த வயதான சிங்கள பாஸ் மைனர் காரைப் பிள்ளை வளர்ப்பது போல் பார்ப்பார். எல்கடுவைக்கு ஏறும் வளைவுகளிலும் றிவர்ஸ்டன் ஏற்றத்திலும் ஓடும் கார்களின் கிளச் சீக்கிரம் போகும். அதனால் எங்கள் கராஜில் கிளச் வேலைக்குக் குறைவில்லை.

முதலில், கிளச் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். சமதரையில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்து, காருக்கு முன்னால் ஒருவரும் நில்லாமல், கடைசிக் கியரைப் போட்டு மிதியை மெல்ல விடுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் கிளச் பிடிக்கிறது. நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் வழுக்குகிறது. வழுக்கினாலும் உடனே கழற்றப் போக வேண்டாம். மிதியை விரலால் அழுத்தும்போது ஆரம்பத்தில் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் நல்ல தட்டும் வழுக்கும். மைனரில் மிதியிலிருந்து கிளச்சுக்குப் போவது கம்பிதான், எண்ணெய்க் குழாய் அல்ல. கீழே உள்ள நட்டைத் திருப்பி ஆட்டத்தைச் சரிசெய்யலாம். எத்தனையோ கார்கள் இந்த ஐந்து நிமிட வேலையோடு திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் சரிவராவிட்டால்தான் பெரிய வேலை. மைனரில் கியர்பொக்ஸை அதன் இடத்திலேயே விட்டு, எஞ்சினை முன்னால் இழுத்துத் தூக்குவதே வழக்கம். பட்டரி வயரைக் கழற்றுவது முதல் வேலை. பிறகு பொனட், ரேடியேட்டர், காபரேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக வரும். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்துப் பிடிக்கும் பொல்ட்டுகள் வட்டமாக இருக்கும். கீழே உள்ளவை காருக்கு அடியில் படுத்தால் கிடைக்கும். மேலே உள்ளவைதான் தொல்லை. எஞ்சினுக்கும் முன் தகட்டுச் சுவருக்கும் நடுவே ஆண்களின் முழங்கை போகாது. போனாலும் ஸ்பெனரைத் திருப்ப இடமில்லை.

இதற்கு வழி காருக்குள்ளே இருக்கிறது. முன் ஆசனங்களையும் கார்ப்பட்டையும் எடுத்துவிட்டால், கியர் லீவர் நிற்கும் இடத்தில் தரையோடு ஒரு தகட்டு மூடி தெரியும். சுற்றிவர நிறைய ஸ்குரூ. துருப்பிடித்துத்தான் இருக்கும், பொறுமையாக எடுங்கள். மூடியைத் தூக்கினால் கியர்பொக்ஸ் கண்ணுக்கு முன்னால் இருக்கும். காருக்குள் முழந்தாளிட்டுக் கையை முன்னால் நீட்டினால் அந்தப் பொல்ட்டுகள் விரலில் படும். மெல்லிய கையுள்ளவர்களுக்கு இது சுலபம். பாஸ் கடைசியில் எந்த மேல் பொல்ட்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார். "துவ, என்ன" என்று சிங்களத்தில் ஒரு சத்தம் வரும். துவ என்றால் மகள். எண்ணெய்க் கையோடு அந்தச் சொல்லைக் கேட்ட நாட்களை நான் மறக்கவில்லை.

கை எட்டிய பிறகும் பொல்ட் அசையாமல் இருக்கலாம். சகோதரியின் கராஜ்காரர் எந்தச் சாவியைப் போட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம். மைனர் இங்கிலாந்துக் கார். அதன் பொல்ட்டுகள் அங்குலக் கணக்கு. இந்தப் பொல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். ஜப்பான் வாகனங்களோடு பழகிய கராஜ்களில் இருப்பது மில்லிமீற்றர் சாவி. 12 ஏறாது, 13 ஏறும். ஏறினாலும் தளர்வாக இருந்து, இரண்டு முறை வழுக்கினால் தலையின் மூலைகள் உருண்டுவிடும். பிறகு கழராது என்பார்கள். அரை அங்குலச் சொக்கெட் ஒன்றை, அதுவும் ஆறு மூலை உள்ளதை, வாங்குங்கள். பன்னிரண்டு மூலைச் சொக்கெட் தேய்ந்த தலையைப் பிடிக்காது.

முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் துருவைத் தட்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அது வாங்க முடியாவிட்டால் மண்ணெண்ணெயும் உதவும்; காலையில் இன்னொரு முறை விடுங்கள். சொக்கெட்டைப் பூட்டி, பொல்ட்டின் தலையில் சிறு சுத்தியலால் நாலைந்து தட்டு. பிறகு கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு சொட்டு அசைத்துப் பாருங்கள். துரு விட்டால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு கழற்றும் பக்கம். மறுபக்கம் நட் இருந்தால் ஒருவர் அதைப் பிடிக்க வேண்டும். ஆகவே இது இரண்டு பேர் வேலை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள்.

பலம் இல்லையே என்று சிலர் எழுதுவார்கள். ஒரு அடி நீளக் கைபிடியில் 20 கிலோ பலம் வேண்டுமென்றால், இரண்டு அடிக் குழாயைச் செருகினால் 10 கிலோ போதும். அதற்காக நாலு அடிக் குழாயைப் போட வேண்டாம். இந்தப் பொல்ட் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு தடிப்புத்தான், முறிந்துவிடும். முறிந்தாலும் துளைபோட்டு எடுக்கலாம், கார் போய்விடாது. நெருப்பு மட்டும் காட்டாதீர்கள். பக்கத்தில் பெற்றோல் குழாய் இருக்கிறது.

டிஎக்ஸ் வேகன், டொல்பின் வேன் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி. அவற்றில் கியர்பொக்ஸைத்தான் இறக்குவது. அதன் பின்பக்கத் தாங்கியைக் கழற்றி, ஜக்கில் வைத்து வாலை மெல்ல இறக்கினால் எஞ்சின் பின்னால் சாயும். மேல் பொல்ட்டுகள் வெளியே தெரியும். நீளமான எக்ஸ்டென்ஷனைப் பின்னாலிருந்து கியர்பொக்ஸுக்கு மேலாக விட்டால் எட்டிவிடும். சாய்க்கும்போது ரேடியேட்டர் குழாயும் டிஸ்ட்ரிபியூட்டரும் எங்கும் முட்டவில்லையா என்று ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும்.

இந்த மைனரை வரைந்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலெக் இசிகோனிஸ் 1906இல் துருக்கியின் ஸ்மிர்னா நகரில் பிறந்தவர். 1922இல் போரில் அந்த நகரம் எரிந்தபோது குடும்பம் கப்பலில் மோல்டாத் தீவுக்குத் தப்பியது. தகப்பன் அங்கேயே இறந்துவிட்டார். தாய் ஹுல்டா, வாலிபப் பிள்ளையான மகனோடு 1923இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். சொத்தையும் வீட்டையும் இழந்து, புருஷனையும் இழந்து, தெரியாத நாட்டில் பிள்ளையைப் படிப்பித்த பெண். அந்தப் பிள்ளை கணக்குப் பரீட்சையில் மூன்று முறை தவறியவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன், நம் பிள்ளைகளின் பெறுபேறுகளைப் பார்த்து அழும் தாய்மாருக்காக. 1948இல் லண்டன் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. அதன் பிறகு 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்தார்கள். ஹுல்டா 1972இல் இறக்கும் வரை மகன் தாயோடுதான் வாழ்ந்தார்.

சாமான் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேயார், 1990களில் இந்தக் காரின் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க ஏற்பாடு செய்தவர். அவ்வளவுக்கு நம் நாட்டில் இதன் வேலை தெரிந்த கைகள் உண்டு. கிளச் தட்டு வாங்கும்போது 948 சிசி எஞ்சினுக்கு 6¼ அங்குலம், 1962க்குப் பின் வந்த 1098 சிசிக்கு 7¼ அங்குலம். எஞ்சின் மாற்றிய கார்களும் நிறைய உண்டு. ஆகவே பழைய தட்டைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

எஞ்சினைத் தூக்க உறுதியான மரச்சட்டமும் செயின் புளொக்கும் வேண்டும். மாமரக் கிளையில் கட்டித் தூக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். எஞ்சின் விலகும்போது கியர்பொக்ஸின் முன்பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக்கொடுங்கள். காரும் ஜக்கில் மட்டும் நிற்கக் கூடாது. கூந்தலை முடிந்து, காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

ஒரு விஷயத்தை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பழைய கிளச் தட்டுகளில் அஸ்பெஸ்டஸ் உண்டு. உள்ளே இருக்கும் கறுத்த தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. சுவாசப்பைக்குள் போனால் பல வருடங்கள் கழித்து நோயாக வரும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கியர்பொக்ஸ் கூட்டின் அடியில் ஒரு துளையும் அதில் ஆடும் சிறு ஊசியும் இருக்கும். கசியும் எண்ணெய் கிளச்சில் படாமல் வெளியேறத்தான் அது. அடைபட்டிருந்தால் துப்புரவாக்குங்கள். மைனரின் கிளச்சைத் தள்ளும் வளையம் கரியால் ஆனது. சந்தியில் நிற்கும்போது மிதியை அழுத்திக்கொண்டே இருந்தால் அது தேய்ந்துவிடும்.

இப்படி வேலை பழகிய சகோதரிகள் சான்றிதழுக்கு என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தில் கற்றவர்களையும் சோதித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்குகிறது. செய்த வேலைகளைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள், நேர்முகத்தில் உதவும். வவுனியாச் சகோதரி முதல் பக்கத்தில் இந்தக் கிளச்சை எழுதலாம். பொல்ட் கழன்றதும் எனக்கும் ஒரு வரி போடுங்கள். அடுத்த இதழில் பிரேக்.