உறுதியில் கிடந்த பெயர்

போன மாரியில் ஓரிரவு எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுநோ. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம். மறுமுனையில் கேட்டது சின்னக் கேள்விதான்: “எந்த வீதி?” எங்கள் ஒழுங்கைக்குப் பெயர் இல்லை. “வைரவர் கோயிலடியால திரும்பி வாங்கோ” என்றார் மகன். ஊரில் வைரவர் கோயில் நான்கு இருக்கின்றன. கடைசியில் இரண்டு பொடியள் டோர்ச் லைற்றோடு சந்திவரை ஓடி, மழைக்குள் நின்று அம்புலன்ஸைக் கூட்டிவந்தார்கள். ஐயா பிழைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாமற்போனது இன்னும் உறுத்துகிறது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என உள்ளூராட்சி மன்றங்கள் 17. பெரிய வீதிகளுக்குப் பெயர்ப் பஞ்சம் கிடையாது. கண்டி வீதி, பலாலி வீதி, நாவலர் வீதி, கஸ்தூரியார் வீதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அவற்றிலிருந்து பிரிந்து வேலிகளுக்கிடையே வளைந்து போகும் ஒழுங்கைகள்தான் பெயரில்லாமல் கிடக்கின்றன. சனத்தில் பெரும்பகுதி அவற்றுக்குள்தான் குடியிருக்கிறது. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தபின் இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகத்தைப் பார்த்தார்கள். 2025 மேயில் தேர்தல் நடந்து, இப்போது கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கைகளுக்குப் பெயர் வைக்கும் வேலையைத் தொடங்க இதைவிட நல்ல நேரம் வராது.

ஒரு வீதிக்குப் பெயர் வைப்பது சபையில் கை உயர்த்துவதோடு முடிகிற காரியமன்று. தீர்மானத்துக்குப் பிறகு, மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான தரப்பின் அனுமதியும் வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, இன்றுவரை புதிய சபை வரவில்லை. ஆகவே கோப்பு ஆளுநர் பக்கம் போகிறது. மேலே போகப் போக அந்த ஒழுங்கையைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. அதனாற்றான் கீழே, ஊருக்குள்ளேயே பேச்சு முடிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

பேசாமல் வைத்தால் என்ன நடக்கும் என்பதை 2025 தையில் பார்த்தோம். பொது நூலகத்துக்கு அருகே இந்திய உதவியில் எழுந்த யாழ்ப்பாணக் கலாசார நிலையத்தின் பெயர், ஒரு விழாவில், திருவள்ளுவர் கலாசார நிலையம் என்று மாற்றி அறிவிக்கப்பட்டது. வள்ளுவரை வேண்டாமென்று சொல்லத் தமிழர் யாருமில்லை. ஆனாலும் ஊரே மனம் நொந்தது. யாழ்ப்பாணம் என்ற சொல் பலகையிலிருந்து போனதும், யாரையும் கேளாமல் போனதும் வலித்தன. சில நாட்களிலேயே யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார நிலையம் என்று திருத்தினார்கள். முதலே ஒரு கூட்டம் வைத்துக் கேட்டிருந்தால் அந்தப் பெயரை நாமே சொல்லிக் கொடுத்திருப்போம்.

சரி, யாருடைய பெயரை வைப்பது? இங்கேதான் சங்கடமும் சண்டையும். இப்போது பல ஊர்களில் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பி ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டுத் தருகிறார்கள். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியம். ஆனால் தகப்பனாரின் பெயரை வீதிக்கு வைக்க வேண்டுமென்று அதே கையோடு கேட்டால், மற்ற வீட்டாரெல்லாம் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள். உபயகாரர் பெயரை ஒழுங்கை முகப்பில் ஒரு கல்லில் நன்றியோடு பொறிப்போம். வீதியின் பெயர் எல்லாருடைய விலாசத்திலும் ஏறுவது. அதை எல்லாரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும்.

சாதி வேறொரு முள். காங்கேசன்துறை வீதியில் தட்டாதெருச் சந்தியைத் தாண்டாமல் போக முடியாது. தட்டாருக்கொரு தெரு என்று தொழிலுக்கொரு தெருவாகச் சனம் இருந்த காலத்தின் பெயர் அது. சரித்திரம் என்று வைத்திருப்பதா, மாற்றுவதா? 2025 ஒக்டோபரில் தமிழக அரசு தெருக்களிலும் குடியிருப்புகளிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்க ஆணையிட்டது. விடயம் நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பல வருடங்களுக்கு முன் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சென்னையில் சாதி ஒட்டை மட்டும் வெட்டியபோது, மிஞ்சிய பெயர் யாருடையதென்றே விளங்காமற்போன பலகைகளும் உண்டு. என் எண்ணம் இது: அந்தப் பெயரை விலாசமாகச் சுமந்து வாழ்பவர்கள் முதலில் பேசட்டும். அவர்களுக்கு அது நோகிறதென்றால் மற்றவர்களின் சரித்திர ஆசை பிறகு பார்க்க வேண்டியது. புதிதாக வைக்கும் எந்தப் பெயரிலும் சாதி வரவே கூடாது. அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

பெண்களையும் நினைக்க வேண்டும். அம்மன் வீதி எத்தனையோ இருக்கின்றன; வாழ்ந்த பெண்களின் பெயரையும் யோசிக்கலாம். 1923இல் ‘தமிழ்மகள்’ இதழைத் தொடங்கி நடத்திய மங்களம்மாளின் பெயரை ஓர் ஊராவது பரிசீலிக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எங்கள் முன்னோர் வீதிக்கு ஆளைத் தேடவில்லை, மரத்தைப் பார்த்தார்கள். வேம்படி, அரசடி, இலுப்பையடி எல்லாம் அப்படி வந்தவை. அதோடு, யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒவ்வொன்றிலும் பரப்புக் கணக்குக்கு முன்னால் காணிக்கொரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்கள் ஒல்லாந்தர் காலத் தோம்புகள் வரை பின்னோக்கிப் போகக்கூடியவை. எல்லை சொல்லும் இடத்திலோ “கிழக்கு ஒழுங்கை” என்று பெயரில்லாமல் இருக்கும். அந்தக் காணிப் பெயரையே ஒழுங்கைக்கும் எடுக்கலாம். இந்தப் பெயர்களின் அருமை வலிகாமம் வடக்கில் போரால் 1990இல் எழும்பிப் போன சனத்துக்குத் தெரியும்: பல வருடப் பற்றைக்குள் வழி காட்டப் பல இடங்களில் மதிலோ வேலியோ மிஞ்சவில்லை. வாயிலும் உறுதியிலும் இருந்த பெயர்கள்தான் மிச்சம். வயதானவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

இதில் எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கிராம அலுவலரும் சனசமூக நிலையமும் கூட்டத்தைக் கூட்டலாம். மாதர் சங்கம் வீடு வீடாகப் போய், கூட்டத்துக்கு வராத கிழவிமாரிடம் கேட்டு வரலாம். வாடகைக்கு இருப்பவரும் அந்த விலாசத்தில்தான் கடிதம் பெறுகிறார். அவரையும் கேட்க வேண்டும். தபால்காரரை மறக்காதீர்கள்: பக்கத்து ஊரில் அதே பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். தெரிவான பெயரைச் சபை ஒரு மாதமாவது வாசிகசாலைச் சுவரில் ஒட்டி, ஆட்சேபனையை எழுத்தில் வாங்கி, எழுத்தில் பதிலும் கொடுக்க வேண்டும். பலகை மூன்று மொழியிலும், தமிழ் பிழையில்லாமலும் இருக்கட்டும்.

அந்த மழை இரவுக்குப் பிறகு நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். ஒரு ஞாயிறு பின்னேரம் நான்கு வீட்டு உறுதிகளை ஒரு மேசையில் விரித்தோம். மூன்றில் “இலந்தையடி வளவு” என்றிருந்தது. இலந்தை இப்போது ஒன்றுகூட இல்லை. நெஞ்சுநோவிலிருந்து எழும்பிய ஐயா கதிரையில் சாய்ந்தபடி, “ஓமோம், என்ர ஆச்சி இலந்தையடியால போ எண்டுதான் சொல்லுவா” என்றார். இலந்தையடி ஒழுங்கை என்று விண்ணப்பம் எழுதியாகிவிட்டது. பத்தொன்பது வீட்டில் பதினாறு கையெழுத்து வாங்கிவிட்டோம். மூன்று வீட்டுக்காரர் வெளிநாட்டில். அவர்களுக்கும் கடிதம் போயிருக்கிறது.