ஆப்பிளுக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும்!

ஆப்பிள் தோலில் அங்கங்கே குழி விழுந்து, சீவினால் உள்ளே பழுப்பாகத் தக்கை மாதிரி இருக்கிறதா? பூச்சி என்று தூக்கி எறியாதீங்க. பழத்துக்கே சுண்ணாம்புச் சத்துக் குறைவு! பறிக்கும்போது பளபளவென்றிருக்கும், கிடங்கில் வைத்த பிறகுதான் புள்ளி தலைகாட்டும். வந்தபின் வைத்தியம் கிடையாது.

காஷ்மீரோ இமாசலமோ, காய் மரத்தில் இருக்கும்போதே கால்சியம் குளோரைடு கரைசலைக் காய் மேலேயே படும்படி பலமுறை தெளிக்கணும். இலையில் பட்டது காய்க்குப் போய்ச் சேராது. பறித்ததும் அதே கரைசலில் முக்கியெடுத்து, தாமதிக்காமல் குளிரூட்டுவதும் உண்டு.

காய்ப்புக் குறைந்த மரத்தில் ஊதிப் பெருத்த பழத்துக்கே இந்த நோய் அதிகம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களோ பெரிய பழமாகத்தான் பொறுக்குகிறார்கள்! நடுத்தரப் பழத்தையே கேட்டு வாங்குங்கள். புள்ளியைச் செதுக்கிவிட்டு மிச்சத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்.