செகண்ட் ஹேண்ட் பைக்... ஹேண்டில் என்ன சொல்லுது?



முகையூர்ல இருந்து விழுப்புரம் காலேஜுக்குப் போக பஸ் பாஸ் இருக்கு. ஓகே! ஆனா, முதல் ஹவர் டெஸ்ட்டுக்கு பஸ் வரணுமே? அதனாலதான் வீட்டுக்குக் கரும்புக் காசு வந்ததும், 'அப்பா, ஒரு பழைய பைக்காவது...'னு ஆரம்பிக்கிறீங்க. தப்பே இல்லை. ஆனா, வண்டி பார்க்கப் போன இடத்துல என்ன செய்றீங்க? கிக்கரை உதைக்கிறீங்க, ஆக்ஸிலேட்டரை முறுக்குறீங்க, சைலன்சர் சத்தத்துல சொக்கிப்போய் அட்வான்ஸைக் கொடுத்துட்டு வந்துடறீங்க!

இன்ஜின் மக்கர் பண்ணினா வண்டி நின்னுடும். தள்ளிக்கிட்டாவது வீடு வந்து சேரலாம். ஹேண்டில் மக்கர் பண்ணினா? அரவை சீசன்ல பெரியசெவலை ஆலைக்குப் போற கரும்பு டிராக்டர் எதிர்ல வரும்போது, நீங்க நினைச்ச பக்கம் வண்டி திரும்பாது. அதனால, அட்வான்ஸுக்கு முன்னாடி ஹேண்டிலைப் பாருங்க. கூட ஒரு நண்பனும் பத்து நிமிஷமும் இருந்தா போதும்.

முதல்ல 'டக்'!

வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. நண்பனைப் பின்பக்கம் அழுத்தச் சொன்னா, முன் வீல் தரையை விட்டுத் தூக்கும். இப்போ ஹேண்டிலை விரல் நுனியால இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரை மெதுவாத் திருப்புங்க. வெண்ணெய் மாதிரி போகணும். சரியா நடுவுல 'டக்'குனு உட்கார்ந்தா, கோன் செட் அவுட்!

ஃபோர்க், சேஸிஸ் கழுத்துல சேருற இடத்துல மேலேயும் கீழேயும் கிண்ணம் மாதிரி பாகங்கள் இருக்கும். அதுக்குள்ள சின்னச் சின்ன ஸ்டீல் குண்டுகள். அதுதான் கோன் செட். நாம பெரும்பாலும் நேராத்தானே ஓட்டுறோம்? குண்டுகள் ஒரே இடத்துல உட்கார்ந்து, ரோட்டுப் பள்ளத்தோட அடியை எல்லாம் அங்கேயே வாங்கும். கொஞ்ச வருஷத்துல கிண்ணத்துல குழி விழுந்துடும். அப்புறம் மெதுவாப் போகும்போது வண்டி பாம்பு மாதிரி நெளியும்.

அடுத்து 'டொக்'!

வீல் தூக்கின நிலையிலேயே ஃபோர்க்கோட அடிப்பக்கத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னாடி, பின்னாடி ஆட்டுங்க. நண்பன் கழுத்து இணைப்புல விரலை வெச்சிருக்கணும். அங்கே ஆட்டம் தெரிஞ்சா, கோன் செட் லூஸ், இல்லைன்னா தேய்ஞ்சிருக்கு. ஓட்டும்போது முன் பிரேக் பிடிச்சா 'டொக்'குன்னு கேக்குமே, அதுவும் பெரும்பாலும் இதனாலதான்.

இங்கே ஒரு கில்லாடித்தனம் நடக்கும். விக்கிறவர் நட்டை நல்லா இறுக்கி, ஆட்டத்தை மறைச்சிருப்பார்! கண்டுபிடிக்கிறது ஈஸி. முன் வீல் தூக்கியிருக்கும்போது ஹேண்டிலை லேசாத் தட்டினா, அது தானாவே ஒரு பக்கம் சாய்ஞ்சு விழணும். பாதியிலேயே நின்னா, ஒண்ணு நட்டு ஓவர் டைட், இல்லைன்னா கேபிள் எங்கேயோ பிடிச்சு இழுக்குது. குழி விழுந்த கோனை எவ்வளவு இறுக்கினாலும் குழி மறையாது பாஸ்!

ஒரே பக்கம் இழுக்குதா?

உடனே 'சேஸிஸ் பெண்டு'ன்னு பயப்படாதீங்க. முதல்ல பின் வீலைப் பாருங்க. செயின் டைட் பண்ணும்போது ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு வெக்காம விட்டிருந்தா, வீல் கோணலா நிக்கும். ரெண்டு பக்க அட்ஜஸ்டர் கோட்டையும் எண்ணிப் பார்த்தா தெரிஞ்சிடும். ஸ்பேனர் வேலைதான்.

அது சரியா இருந்தும் இழுத்தா, டயரை நனைச்சுட்டு, காய்ஞ்ச சிமென்ட் தரையில வண்டியை நேராத் தள்ளுங்க. முன் டயர் தடத்து மேலேயே பின் டயர் தடமும் விழணும். ரெண்டும் தனித்தனியாப் போனா, ஃபோர்க்கோ சேஸிஸோ வளைஞ்சிருக்கலாம்.

வேகத்துல ஆட்டமா?

ஹேண்டில் மேல மட்டும் சந்தேகப்படக் கூடாது. பின் வீலைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டுங்க. வீல் மட்டும் ஆடினா பேரிங். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினா புஷ். முன் வீலையும் இதே மாதிரி ஆட்டிப் பாருங்க. வீலைச் சுத்திவிட்டா, ரிம் இடது வலதா நெளியுதான்னு தெரிஞ்சிடும். டயர்ல காத்து குறைவா இருந்தாலும் வண்டி ஆடும், அதனால முதல்ல காத்து பிடிச்சுட்டுப் பாருங்க.

டெஸ்ட் டிரைவை ஹெல்மெட் போட்டுக்கிட்டு, ஆள் இல்லாத ரோட்டுல வெச்சுக்குங்க. திண்டிவனம் பைபாஸ் அதுக்கான இடம் இல்லை! ரெண்டு கையையும் விட்டு ஹீரோயிசம் காட்டவும் வேண்டாம். ஆட ஆரம்பிச்சா திடீர் பிரேக் போடாதீங்க. முழங்காலால டேங்கை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, ஆக்ஸிலேட்டரை மெதுவாக் குறைங்க.

இன்னொண்ணு. இன்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது ஹேண்டிலை ரெண்டு கோடிக்கும் திருப்புங்க. தானா ரேஸ் ஆச்சுன்னா, ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுது. யூ டர்ன் போடும்போது வண்டி சீறிப் பாயும், ஜாக்கிரதை!

பேரமா, டாட்டாவா?

கோன் செட், வீல் பேரிங், புஷ், கேபிள், ஃபோர்க் ஆயில் சீல்... இதெல்லாம் தேயுற பொருள். சாதாரண 100 சிசி வண்டிக்கு கோன் செட் சில நூறு ரூபாய்தான், கூலி தனி. இதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

ஆனா, சேஸிஸ் கழுத்துப் பக்கம் பெயின்ட் சுருங்கியிருக்கா, புது வெல்டிங் தெரியுதா? ஹேண்டிலை முழுசாத் திருப்பினா டேங்க்ல இடிக்குதா? (தடுக்கிற ஸ்டாப்பர் நசுங்கியிருக்கும்!) வண்டி எங்கேயோ பலமா மோதியிருக்கு. விலை எவ்வளவு குறைஞ்சாலும் டாட்டா சொல்லிடுங்க.

வண்டியோட வயசையும் மனசுல வெச்சுக்குங்க. ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பு 1996-லயே நின்னாச்சு. ஹீரோ ஹோண்டா கம்பெனி, ஹீரோ மோட்டோகார்ப்னு பேர் மாறினது 2011-ல. அந்தப் பழைய பேர் இருக்கிற டேங்க்னா, கோன் செட்டைக் கண்டிப்பா சந்தேகப்படணும். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம்தான் செல்லும். அதுக்கப்புறம் புதுப்பிச்சிருக்காங்களான்னு கேளுங்க.

எல்லாம் ஓகேவா? பெரும்பாலான பைக்ல சேஸிஸ் நம்பர் அந்தக் கழுத்துலதான் குத்தியிருக்கும். அழுக்கைத் துடைச்சு, ஆர்.சி. புக்கோட ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிடுங்க. சுரண்டின மாதிரி தெரிஞ்சா கிளம்பிடுங்க. இன்ஷூரன்ஸ் தேதியைப் பாருங்க. ஃபாரம் 29, 30-ல விக்கிறவர் கையெழுத்தை வாங்கிக்குங்க. வாங்கின 30 நாளுக்குள்ள பேர் மாத்த ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொடுத்துடணும்.

'இவ்வளவு நோண்டுறியே தம்பி'ன்னு விக்கிறவர் சலிச்சுக்குவார். 'ஆமாண்ணே, தினமும் இதுலதானே போகப்போறேன்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு, இன்னொரு தடவை ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்க.

வர்ட்டா!