பதிவிறக்கம் பாதியில் நிற்கிறதா? திருப்பிவிடுவது யார்?



சுங்கைப்பட்டாணியிலோ பீடோங்கிலோ கூலிமிலோ உட்கார்ந்து ஒரு மென்பொருளைப் பதிவிறக்கம் செய்கிறீர்கள். நூற்றுக்கணக்கான மெகாபைட் வரவேண்டிய கோப்பு, சில கிலோபைட்டோடு முடிந்துவிடுகிறது. தோட்டத்தில் லைன் மோசம், கணினி பழையது என்று விட்டுவிடுகிறோம். பல சமயம் அதுதான் உண்மையும்கூட. ஆனால் வேறொரு காரணமும் உண்டு.

முன்பு தோட்டத்தில் நமக்கு வரும் கடிதம் ஆபீஸ் கிராணியின் கையைக் கடந்துதான் வந்தது. இணையத்தில் அந்தக் கிராணி வேலையைச் செய்வது டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண்ணைச் சொல்லும். பெரும்பாலும் இது இணையச் சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது தவறான எண்ணைச் சொன்னால் நம் கணினி நம்பிப் போய்விடும்.

2008 ஆகஸ்டு இறுதியில், பக்கத்துப் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் நேரத்தில், மலேசியா டுடே தளம் இப்படித்தான் மறைக்கப்பட்டது. 2011 ஜூனில் மெகாஅப்லோட், ஃபைல்சர்வ் உட்பட 10 கோப்புப் பகிர்வுத் தளங்கள் தடைசெய்யப்பட்டன. திருட்டுப் படத்தோடு நல்ல கோப்புகளும் போயின! நம் இளைஞர்கள் டிஎன்எஸ் எண்ணை மாற்றிக்கொள்ளப் பழகினார்கள். கூகுளின் 8.8.8.8 பலருக்கு மனப்பாடம்.

2024 செப்டம்பரில் அந்தக் கதவையும் சாத்தப் பார்த்தார்கள். கூகுள், கிளவுட்ஃபிளேர் டிஎன்எஸ்-ஐக் கேட்டாலும் கேள்வியைத் தங்கள் டிஎன்எஸ்-க்கே திருப்பவேண்டும், கெடு செப்டம்பர் 30 என்று தொடர்பு பல்லூடக ஆணையம் நிறுவனங்களுக்குச் சொன்னது. மேக்சிஸ், டைம் இரண்டிலும் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. நீங்கள் கேட்டது ஒருவரை, பதில் சொன்னது இன்னொருவர்! மக்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் நிறுத்தச் சொன்னார்.

2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்கள் தடைசெய்யப்பட்டதாகவும், அதில் 39 விழுக்காடு சூதாட்டம் என்றும் ஆணையம் கணக்குக் காட்டியது. சூதாட்டத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நீதிமன்றம் போகாமல் பட்டியலில் பெயர் சேர்க்க முடிகிறதே, நாளை அதில் சிறுபான்மையினரின் பக்கம் சேராது என்பதற்கு யார் உத்தரவாதம்?

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். சின்னதாக வந்த கோப்பை இயக்காதீர்கள். நோட்பேடில் திறந்து பாருங்கள். இணையப் பக்கத்தின் எழுத்துகள் தெரிந்தால் அது மென்பொருளே அல்ல. பிறகு என்எஸ்லுக்கப் கட்டளையில் தளத்தின் பெயரைக் கொடுங்கள். வேறு நிறுவனத்தின் கைப்பேசி இணைப்பிலும் அதையே செய்யுங்கள். எண்கள் வேறுபட்டால் மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது; பெரிய தளங்களுக்குப் பல எண்கள் உண்டு. ஆனால் 175.139.142.25 வந்தால் சந்தேகமே வேண்டாம். 2010-களில் தடைசெய்யப்பட்ட தளங்கள் பல அந்த எண்ணுக்குத்தான் திருப்பப்பட்டன.

மறைகுறியாக்கம் செய்த டிஎன்எஸ் இருந்தால் இடையில் யாரும் ஓசையில்லாமல் பதிலை மாற்ற முடியாது. தலையிட்டால் பிழைச்செய்தி வரும். உலாவியில் மட்டும் அமைத்தால் போதாது. மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்போது உலாவி வழியாகப் போவதில்லை. விண்டோஸ் 11-இன் நெட்வொர்க் அமைப்பிலும், ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்திலும் அமையுங்கள். அதற்குப் பிறகும் கோப்பு வரவில்லையென்றால், லைன் மோசமாக இருக்கலாம்.