எழுதியிருப்பது 1 மைக்ரோஃபாரட், கிடைப்பது எவ்வளவு?

மாணவர்களே, தீப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரைச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை உங்களில் சிலருக்கு இருக்கும். ஆர்பிடி பாடத்துக்காகவோ அறிவியல் கண்காட்சிக்காகவோ செய்பவர்களும் உண்டு. சுற்றுப்படத்தைத் தேடி எடுத்து, பலகையைக் கணினியில் வரைந்து, தயாரிக்க அனுப்பி, கண் வலிக்க வலிக்கப் பற்றவைத்து முடித்து, ஒரு பாட்டை ஓடவிடுகிறீர்கள். பாடகரின் குரல் நன்றாக வருகிறது. உறுமி மேளம் நுழையும் இடத்தில் மட்டும் ஒலி கரகரக்கிறது. உடனே எதைக் குறை சொல்வோம்? ஆம்ப்ளிஃபயர் சில்லைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டு முறை சில்லைக் கழற்றி மாற்றினேன். மூன்றாவது முறை பலகையின் செம்புத் தடமே உரிந்து வந்துவிட்டது. குறை சில்லில் இல்லை. அதன் வாசலில், அரிசி மணியைவிடச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மின்தேக்கியில் இருந்தது.

மின்தேக்கியை, அதாவது கெப்பாசிட்டரை, மைக்ரோஃபாரட் எண்ணையும் உடலளவையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பதே என் கருத்து. சிறிய பலகையில் இடத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்றால் மின்வழங்கல் பக்கத்தில் மிச்சப்படுத்துங்கள். ஒலி கடந்து செல்லும் வழியில் மிச்சப்படுத்தாதீர்கள்.

பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் எஸ்எம்டி மின்தேக்கிகளில் பெரும்பாலானவை பல அடுக்குப் பீங்கான் வகை. உலோக அடுக்கு, பீங்கான் அடுக்கு, மீண்டும் உலோகம் என்று நம்ம ஊர்க் கடைகளில் விற்கும் லாப்பிஸ் கேக் போல அடுக்கிச் சுட்டு எடுப்பார்கள். ஒரு கைப்பேசிக்குள் ஏறக்குறைய ஆயிரம் இருக்கும். சரவாக்கின் கூச்சிங்கிலேயே ஒரு ஜப்பானிய நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது. 0402 என்ற அளவு 1 மி.மீ. நீளம், 0.5 மி.மீ. அகலம். 0603 என்றால் 1.6 மி.மீ.க்கு 0.8 மி.மீ. 1206 என்றால் 3.2 மி.மீ.க்கு 1.6 மி.மீ.

இவ்வளவு சிறிய உடலுக்குள் 1 மைக்ரோஃபாரட் எப்படி அடங்குகிறது? பேரியம் டைட்டனேட் என்ற பொருளால்தான். அதன் படிகத்துக்குள் டைட்டானியம் அயனி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்கும். வெளியிலிருந்து மின்புலம் வந்தால் அந்த விலகல்கள் திசை மாறி ஒத்துழைக்கும். அதனால் சாதாரணப் பீங்கானைப் போலப் பல மடங்கு மின்னூட்டத்தை அது தேக்கிவைக்கும். ஆனால் ஒரு நேர்மின்னழுத்தத்தை நிலையாகக் கொடுத்துவிட்டால், விலகல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒரே பக்கம் திரும்பி இறுகிவிடுகிறது. மேலும் திரும்புவதற்கு மிச்சம் குறைவு. எனவே தேக்கும் திறன் குறைகிறது.

5 வோல்ட் ஒரு பெரிய அழுத்தமா என்று கேட்கலாம். பீங்கான் அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள். மில்லிமீட்டருக்கு 5,000 வோல்ட் வருகிறது. காற்றில் மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் இருந்தாலே தீப்பொறி பறக்கும்! உடல் சிறுத்தால் அடுக்கும் மெலியும், அடுக்கு மெலிந்தால் இந்தப் புலம் கூடும். அதனால்தான் '10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட்' என்று விற்கப்படும் ஒரு 0402 மின்தேக்கி, 5 வோல்ட் கொடுத்ததும் பாதிக்கும் மேல் இழந்து நிற்கிறது. விற்றவர் ஏமாற்றவில்லை. தரவுத்தாளின் பின்பக்க வரைபடத்தில் இது இருக்கிறது. நாம்தான் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. எக்ஸ்7ஆர் என்ற குறியீட்டில் எக்ஸ் என்பது கழித்தல் 55 பாகை செல்சியஸ், 7 என்பது 125 பாகை, ஆர் என்பது கூட்டல் அல்லது கழித்தல் 15 விழுக்காடு. 'அப்படியானால் 15 விழுக்காட்டுக்கு மேல் மாறாது' என்று படித்துவிடுகிறோம். அந்த 15 விழுக்காடு வெப்பநிலைக்கு மட்டும். மின்னழுத்தத்தால் வரும் இழப்பைப் பற்றி அந்த மூன்று எழுத்துகள் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

கொள்ளளவு குறைந்தால் என்ன, கொஞ்சம் பெரியதாகப் போட்டால் போயிற்று என்று தோன்றும். மின்வழங்கலில் அது சரிதான். ஒலியின் வழியில் கதை வேறு. ஒலி என்பதே ஏறி இறங்கும் மின்னழுத்தம். அது ஏறும்போது மின்தேக்கியின் மதிப்பு ஒன்று, இறங்கும்போது வேறொன்று என்றால், உள்ளே போன அலையின் வடிவம் அப்படியே வெளியே வராது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால் அதனோடு 100, 150 ஹெர்ட்ஸ் என்று அழையாத விருந்தாளிகளும் வருவார்கள். நான் கேட்ட கரகரப்பு அதுதான்.

அது ஏன் மேளத்தில் மட்டும் வந்தது? கணக்குப் போட்டால் விளங்கும். ஆம்ப்ளிஃபயரின் நுழைவாயிலில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, அதற்குப் பின் 10 கிலோ ஓம் மின்தடை. இரண்டும் சேர்ந்து சுமார் 16 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டுப்படுத்தும். காது கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ் என்பதால் இது போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 50 ஹெர்ட்ஸில் அந்த மின்தேக்கியின் எதிர்ப்பு சுமார் 3,180 ஓம். ஒலி மின்னழுத்தத்தில் 30 விழுக்காடு மின்தேக்கியின் மீதே விழுகிறது. 1,000 ஹெர்ட்ஸில் விழுவது 1.6 விழுக்காடுதான். மீது விழும் மின்னழுத்தம் கூடக்கூட மின்தேக்கியின் குணமும் கூடுதலாக மாறுகிறது. குரல் பிழைத்தது, மேளம் மாட்டிக்கொண்டது.

இதே கணக்கு வழியையும் காட்டுகிறது. 1 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 10 மைக்ரோஃபாரட் போட்டால், 50 ஹெர்ட்ஸில் அதன் மீது விழுவது 3 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். எக்ஸ்7ஆர் வகையே ஆனாலும், 25 வோல்ட் தாங்கும் 1206 அளவில் வாங்கினால் தொல்லை வெகுவாகக் குறையும். பலகையில் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ கூடும். கூடட்டுமே!

எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு. சி0ஜி என்றொரு பீங்கான் வகை இருக்கிறது. என்பி0 என்றும் சொல்வார்கள். அதில் பேரியம் டைட்டனேட்டின் அந்தச் சேட்டை கிடையாது. ஒரு பாகை வெப்பம் மாறினால் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறாது. மின்னழுத்தத்துக்கும் ஏறக்குறைய அசையாது. குறை என்னவென்றால் சிறிய உடலில் பெரிய மதிப்பு கிடைக்காது. 0603 அளவில் 10 நானோஃபாரட் எளிதாகக் கிடைக்கும், 1206 அளவில் 100 நானோஃபாரட் கிடைக்கும், 1 மைக்ரோஃபாரட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் மின்தடையை 10 கிலோ ஓமிலிருந்து 100 கிலோ ஓமாக உயர்த்தினால் 100 நானோஃபாரட்டே போதும். அதே 16 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. இதற்கும் விலை உண்டு: மின்தடையின் வெப்ப இரைச்சல் சுமார் மூன்று மடங்காகும், எல்லாச் சில்லுகளும் அவ்வளவு பெரிய மின்தடையை ஏற்காது. ஹெட்போனுக்கு அருகில், பெருக்கம் குறைவான சுற்றில், நான் இதைத் தயங்காமல் செய்வேன். மைக்ரோஃபோன் சுற்றில் செய்யமாட்டேன்.

வடிப்பான் சுற்றுகளில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒலியைத் திருத்தும் சுற்றிலும், எண்ணிம ஒலியை மாற்றித் தரும் சில்லுக்குப் பின்னால் வரும் வடிப்பானிலும், மின்தேக்கியின் மீது முழு ஒலி மின்னழுத்தமும் விழுகிறது. அங்கே தேவைப்படும் மதிப்புகளும் சில நானோஃபாரட்தான். சில சென் விலையில் சி0ஜி கிடைக்கும்போது அங்கே எக்ஸ்7ஆர் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஹெட்போனுக்கு வெளியேறும் வழியிலும் மின்தேக்கி தேவைப்படும் சுற்று என்றால், 32 ஓம் ஹெட்போனுக்கு 220 மைக்ரோஃபாரட் வேண்டும். அப்போதுதான் 23 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். இங்கே பீங்கானைத் தேடாதீர்கள். சிறிய உருளை போன்ற அலுமினிய மின்தேக்கியைப் போடுங்கள். பலகையின் உயரம் கூடும், பெட்டி சற்றுத் தடிக்கும். டான்டலம் வகை தட்டையாக இருக்குமே என்பீர்கள். (அந்த உலோகத்தை நம் நாட்டு ஈய உருக்காலைகளின் கசடிலிருந்தும் ஒரு காலத்தில் எடுத்தார்கள்.) ஆனால் நேர்முனை, எதிர்முனை மாற்றிப் பொருத்தினால் டான்டலம் தீப்பற்றக்கூடும். முதல் பலகை செய்யும் மாணவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

'இதெல்லாம் காதில் கேட்காது, மின்தேக்கி என்றால் மின்தேக்கிதான்' என்பார் ஒருவர். 'ஒலிக்கென்றே செய்தது' என்று தங்க எழுத்து போட்ட மின்தேக்கியை விலை கொடுத்து வாங்கச் சொல்வார் இன்னொருவர். இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். சிரில் பேட்மன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சிதைவை அளக்கும் கருவியைத் தாமே வடிவமைத்து, பலவகை மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக அளந்து, 2002இல் தொடங்கி 'எலெக்ட்ரானிக்ஸ் வோர்ல்ட்' இதழில் தொடராக எழுதினார். சாதாரண சி0ஜி மிகச் சுத்தமாக இருந்தது. எக்ஸ்7ஆர் வகையில் சிதைவு தெளிவாகத் தெரிந்தது. சண்டையைத் தீர்த்தது காதல்ல, அளவீடு.

நீங்களும் அளக்கலாம். ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டி இலவசம். அதில் 50 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை உருவாக்கி, ஆம்ப்ளிஃபயர் வழியாக அனுப்பி, கணினியின் ஒலி நுழைவாயிலில் பதிவு செய்து, அதிர்வெண் வரைபடத்தைப் பாருங்கள். 100, 150 ஹெர்ட்ஸில் முளைத்திருக்கும் கூர்முனைகளின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, மின்தேக்கியை மாற்றி மீண்டும் பாருங்கள். சத்தத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். அளக்கும்போது ஹெட்போனைக் காதில் மாட்ட வேண்டாம்.

இன்னும் எளிய சோதனை ஒன்று. ஆம்ப்ளிஃபயரை ஒரு சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் பலகையை மெல்லத் தட்டுங்கள். டொக் டொக் என்று ஒலிபெருக்கியில் கேட்டால், உங்கள் மின்தேக்கி மைக்ரோஃபோனாக வேலை செய்கிறது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தக் குணத்தை 1880இல் வேறு படிகங்களில் கண்டவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும். பேரியம் டைட்டனேட்டுக்கும் அது உண்டு. சி0ஜி போட்ட இடத்தைத் தட்டினால் அது பேசாது.

மின்வழங்கல் பக்கத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில்லின் மின் காலுக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் எக்ஸ்7ஆர் ஒன்று, சற்றுத் தள்ளி 10 மைக்ரோஃபாரட் ஒன்று, இரண்டும் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்குபவை. ஒய்5வி என்ற வகையை மட்டும் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வெப்பநிலை மாறினாலே அது 82 விழுக்காடு வரை இழக்கலாம்.

அடுத்த முறை கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலோ சிங்கப்பூர் சிம் லிம் டவரிலோ கடைக்காரரிடம் '1 மைக்ரோஃபாரட் கொடுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன வகை, எத்தனை வோல்ட், என்ன அளவு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாங்கியதும் பொட்டலத்தின் மேல் அதைப் பேனாவால் எழுதிவையுங்கள். ஏனென்றால் இந்தப் பீங்கான் மின்தேக்கிகளின் உடலில் எண்ணும் இருக்காது, எழுத்தும் இருக்காது. நாடாவைவிட்டுப் பிரித்துவிட்டால் எது எது என்று அவற்றைச் செய்தவருக்கே தெரியாது. என் மேசையில் ஒரு டப்பா நிறையப் பழுப்பு நிறத்தில் அப்படிப்பட்டவை கிடக்கின்றன. பற்றவைக்கப் பழகும் பிள்ளைகளுக்குக் கொடுக்க உதவுகின்றன.